கழற்றாத மாலை

பன்னீர்செல்வம் மாலை போட்டான் என்றதும் மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாருமே முதலில் நம்பவில்லை. சனிக்கிழமையானால் துண்டுக்கடியில் பாட்டிலை மறைத்து, மறைக்கிறோம் என்ற நினைப்பிலேயே தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு போகிறவன் அவன். அப்படிப்பட்ட மனிதன் கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் கறுப்பு வேட்டி கட்டி, நெற்றி நிறையச் சந்தனம் பூசி, செருப்பில்லாமல் நடந்து வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எதிர் வீட்டுக் கனகம் மட்டும் நிறுத்தவில்லை. தெளித்த இடத்திலேயே மறுபடி மறுபடி தெளித்தாள். அந்தச் சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் அல்லவா?

பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து நிலவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வேடிக்கை இல்லை. அன்று காலையில் அவன் பன்னீர்செல்வத்தை வெட்டுவதாக இருந்தான்.

கேட்டால் சிரிப்பு வரும். கோழிக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஆள் நிலவன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஒட்டுகிற கான்ட்ராக்ட் வேலை. ரப்பர் அறுக்கிற கத்தியைத் தவிர வேறு கத்தியை அவன் கையில் எடுத்ததில்லை. அதையும் துடைத்து உறையில் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவான். ஏழு வருஷம் விடாமல் மலைக்குப் போனவன். அவனையும் கொலைக்குத் துணிய வைத்தது அவன் அண்ணன் சிலம்பரசனின் சாவு.

ஐப்பசி நடுவில் ஒருநாள், சிலம்பரசன் முதல் ஷிப்டுக்காக விடிகிற நேரத்தில் பைக்கில் கிளம்பினான். முந்திரித் தோப்போரம் விழுந்து கிடந்தான். ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் மனைவி மலர்விழி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று நாள் சோறில்லாமல் கிடந்தாள்.

நாலாம் நாள் பால்காரப் பாவாடை வந்து நிலவனை முருங்கை மரத்தடிக்குக் கூப்பிட்டான்.

“பன்னீர் அண்ணன் காருதாம்பா. நெல்லிக்குப்பத்துல ஏதோ கல்யாணம், குடிச்சிட்டு வந்துகினு இருந்தாரு. நான் கேனோட தோப்புல நின்னன். வண்டிய நிறுத்தி எறங்கனாரு, குனிஞ்சி மூஞ்சியப் பாத்தாரு. சிலம்புன்னு தெரிஞ்சிது. ஏறிக்கினு போய்ட்டாரு.”

“நீ இன்னாய்யா பண்ண?”

“நான்தான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டன். அவன் வர்றதுக்கு நேரமாயிட்டுது.”

“ஸ்டேஷனுக்கு வந்து சொல்லு, வா.”

“எம்மவன் அவரு கீழ கான்ட்ராக்ட்ல கெடக்கறான் நிலவா. ஸ்டேஷன்ல கேட்டா நான் ஒண்ணியும் பாக்கல. ஆமா, இப்பவே சொல்லிட்டன்.”

பாவாடை பால் மட்டுமா ஊற்றுகிறவன்? அரை லிட்டர் இந்த வீட்டுக்கு என்றால் அரை லிட்டர் பக்கத்து வீட்டுக்கும் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. ‘நிலவனுக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சிண்ணே, எப்பிடித் தெரிஞ்சிதுன்னுதான் தெரியல’ என்று பன்னீர்செல்வத்திடமும் போய்ச் சொல்லிவிட்டான். இது நிலவனுக்குத் தெரியாது.

நிலவன் அன்றைக்கே கத்தியைத் தீட்டிவிட்டான். ஆனால் கருமாதி முடியவில்லை. காரியம் முடிவதற்குள் அந்த வீட்டு ஆண்பிள்ளை ரத்தம் பார்த்தால் செத்தவனுக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். அண்ணனுக்காகத்தானே செய்கிறோம், அண்ணனையே தெருவில் நிறுத்திவிட்டா செய்வது? காத்திருந்தான். பதினாறாம் நாள் மொட்டை போட்டு, பிண்டம் வைத்து, வந்தவர்களுக்கு இலை போட்டு அனுப்பினான். இனி ஒரு தடையும் இல்லை, விடிந்ததும் முடித்துவிடலாம் என்று படுத்தான். விடிந்தால் கார்த்திகை ஒன்று.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலியருகே வந்தவனைப் பார்த்து, பன்னீர்செல்வம் இரண்டு கையையும் கூப்பினான்.

“சாமி சரணம்.”

ஏழு வருஷப் பழக்கம். நிலவனின் வாய் அவனைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

“சரணம் சாமி.”

அண்ணனைச் சாகவிட்டவனைச் சாமி என்று கூப்பிட்ட வாயோடு நிலவன் உள்ளே வந்தான். மலர்விழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா தம்பி, போன காரியம் ஆச்சா?”

“மாலை போட்டுக்கினு இருக்கான் அண்ணி.”

“மாலை போட்டா கழுத்து மரத்துப் போயிடுமா?”

“அவன் மேல கை வெச்சா அது அவன் மேல படாது அண்ணி. ஐயப்பன் மேல படும்.”

“உங்க அண்ணன் மேல பட்டுதே, அது யாரு மேல பட்டுது?”

பதில் தெரியாத கேள்வி வந்தால் நிலவன் குருசாமி இசக்கிமுத்துவிடம் போவான். இசக்கிமுத்து தெற்கத்திக்காரர். முப்பது வருஷம் இங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆகியும் பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பவில்லை. அவர் பூஜை அறையில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, மாலை போட்ட ஒருத்தன் வெரதத்துலயே செத்துட்டா இன்னா ஆவும்?”

“குடுத்து வச்சவம்லா! நேரே அய்யன் மடிதான். செஞ்ச பாவம் அம்புட்டையும் தொடச்சுத் தூரப் போட்ருவாரு.”

“எல்லாப் பாவத்தையுமா?”

“ஏம்டே, உனக்கு என்ன பாவம்? சாவு விழுந்த துட்டி வீட்ல சிக்கன் தின்னுட்டியா?”

“இல்ல சாமி. சும்மா கேட்டன். மாலைய எப்பக் கழட்டணும்?”

“இது தெரியாதா உனக்கு? மலையேறி வந்து, பெத்தவ இருந்தா அவ கையால கழட்டணும். நடுவுல கழட்டுனா தெய்வ குத்தம். வீட்ல ஒரு சாவு விழுந்தா மட்டும் அந்த நிமிசமே கழட்டிரணும். துட்டியும் மாலையும் ஒரு கழுத்துல கெடக்கப்படாது. பொறவு ஒரு வருசத்துக்கு மாலைய நெனைக்கவே கூடாது.”

நிலவன் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இவனை இப்போது வெட்டினால் இவனுக்கு மோட்சம். அண்ணன் முந்திரிச் சருகில் கிடந்து செத்தான், இவன் ஐயப்பன் மடியில் போய் உட்காருவானா? மாலை இறங்கட்டும். பழைய பன்னீர்செல்வமாக, குடித்த வாயும் பொய் சொன்ன நாக்குமாக அவன் போகவேண்டிய இடத்துக்குப் போகட்டும். இந்தக் கணக்கு நிலவனுக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. வெட்டாமல் இருப்பதற்குக் கிடைத்த காரணம் வெட்டுவதைவிடக் கொடூரமாக இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றவில்லை. இசக்கிமுத்து சொன்னதன் பின்பாதியும் சும்மா போய்விடவில்லை. கூப்பிடாமலே கூட வந்து வீட்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

பொங்கல் கழிந்து பன்னீர்செல்வம் மலையிலிருந்து திரும்பினான். அவன் அம்மா மாணிக்கம்மாள் வாசலில் கற்பூரத் தட்டோடு நின்றாள். பிளாக்கே அரவணைப் பாயசத்துக்காகக் கூடியிருந்தது. நிலவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். சட்டைக்கு உள்ளே கத்தி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

மாணிக்கம்மாள் மாலையில் கை வைத்தாள். பன்னீர்செல்வம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இரும்மா. முருகனுக்குத் தைப்பூசம் நேந்துக்கினு இருக்கன்.”

பையிலிருந்து இன்னொரு மாலையை எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் பழையதைக் கழற்றக் கொடுத்தான். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இல்லை. போடும்போது அவன் கண் சாமிப் படத்தைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்தது. தான் வெட்டக் காத்திருப்பது இவனுக்குத் தெரியும் என்று நிலவனுக்கு அப்போது தெரிந்தது.

கறுப்பு வேட்டி பச்சையானது. தைப்பூசம் போனதும் பச்சை மஞ்சளானது, பங்குனி உத்திரத்துக்குக் காவடி என்றான். ‘இவர் இனிமே ஆடி, ஆவணின்னு காலண்டர் முழுக்கச் சாமிதான்போல’ என்று கனகம் சிரித்தாள். ஆனால் நாலு மாசம் குடிக்காமல், பொய் பேசாமல், விடியலில் குளித்துத் தரையில் படுத்தால் எந்த உடம்புதான் மாறாது? பயத்தில் போட்ட மாலையானாலும் மாலை தன் வேலையைப் பார்த்தது. பன்னீர்செல்வத்தின் தொப்பை வற்றியது, குரல் தாழ்ந்தது. செவ்வாய்தோறும் பத்துப் பேருக்குச் சோறு போட்டான். நிலவன்தான் இளைத்தான். தூக்கம் கெட்டு, ஷிப்ட் தவறி, தாடியும் மீசையுமாகத் திரிந்தான். ‘ஒரே வேலிதான் நடுவுல. அந்தப் பக்கத்து மனுஷன் எப்பிடித் திருந்திட்டான், இந்தப் பக்கத்துப் புள்ள எப்பிடிக் கெட்டுப்போச்சி பாரு’ என்று பிளாக் தீர்ப்பும் சொல்லிவிட்டது.

மலர்விழி ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். “இன்னும் எத்தன மாலை தம்பி?”

இந்த நாட்களில்தான் நிலவன் மாணிக்கம்மாளைக் கவனிக்க ஆரம்பித்தான். அவளுக்கு ஏற்கெனவே ஒரு தரம் மாரடைப்பு வந்திருந்தது. நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையை முந்தானையில் முடிந்தே வைத்திருப்பாள். மகன் செய்தது அவளுக்குத் தெரியாது. சிலம்பரசன் செத்த வீட்டுக்குப் பதினாறு நாளும் ரசம் வைத்துக் கொண்டு வந்தவள் அவள்தான். வேலிக்கு மேலே எட்டி நிலவனுக்குச் சுண்டல் கொடுப்பாள்.

“எம்மவனப் பாத்தியா நிலவா? சாமி கண்ணத் தொறந்துட்டாருடா. அடுத்த வருஷம் நீயும் அவன்கூட மலைக்குப் போ. தனியா போவாத.”

“சரி பெரியம்மா.”

சுண்டலை வாங்கிக்கொண்டு, அவளுக்கு எத்தனை வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பான். இரவில் அவள் இருமுவது கேட்கும். ஒருநாள் இருமல் கேட்கவில்லை. நிலவன் பாயிலிருந்து எழுந்து காது கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் கேட்டது. அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை அடையாளம் கண்டதும் முருகா முருகா என்று விடியும்வரை சொல்லிக்கொண்டு கிடந்தான். வெட்டுவதற்கு நியாயம் பார்த்த மனசுக்கு, ஒரு சாவுக்காகக் காத்துக் கிடப்பதற்கு நியாயம் பார்க்கத் தெரியவில்லை.

உத்திரத்துக்கு ஆறு நாள் இருந்தது. அனல் அடிக்கிற மதியம். பன்னீர்செல்வம் டியூட்டியில், அவன் மனைவி தாய்வீட்டில், மலர்விழி திருவதிகைக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். நிலவன் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். பனியனோடு நின்றான்.

“நிலவா.”

மாணிக்கம்மாள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சாம்பலாக இருந்தது.

“மாத்திர வெச்சன்டா… கேக்கல. மார அடைக்குது. ஒரு ஆட்டோ புடிச்சாப்பா.”

“இதோ பெரியம்மா. சட்டையப் போட்டுக்கினு வரன்.”

உள்ளே போனான். கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்துக் கையை நுழைத்தான். முதல் பொத்தானைப் போட்டான். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அந்த நிமிஷமே, என்று இசக்கிமுத்துவின் குரல் கேட்டது. நான் ஒன்றும் செய்யவில்லையே, சட்டைதானே போடுகிறேன் என்று நினைத்தான். இரண்டாம் பொத்தான். போன் மேஜைமேல் இருந்தது. கை எட்டுகிற தூரம்தான். கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. கட்டிலில் உட்கார்ந்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம். வெளியிலிருந்து இன்னொரு தரம் “நிலவா” என்று கேட்டது. அப்புறம் கம்பி அதிர்கிற சத்தம். அதுவும் நின்றது.

முந்திரித் தோப்பில் குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தபோது பன்னீர்செல்வம் என்ன நினைத்திருப்பான் என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நிலவன். அப்போது, அந்தக் கட்டிலில், தெரிந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டான். இதோ, இப்போது, ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்திருப்பான்.

அலறிக்கொண்டு ஓடினான். வேலியை எகிறிக் குதித்து, கிழவியை இரண்டு கையிலும் வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். கனகம் ஆட்டோவை நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

பன்னீர்செல்வத்தின் மாலையை இசக்கிமுத்து பிணத்தருகிலேயே கழற்றினார். கழுத்தைச் சுற்றி வெயில் படாத தோல் ஒரு வெளுத்த கோடாகத் தெரிந்தது. ‘பெத்த புள்ள மாதிரித் தூக்கிக்கினு ஓடுனான்யா’ என்று ஆளாளுக்கு நிலவனின் முதுகைத் தட்டினார்கள். பாடைக்குத் தோள் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தான். சுடுகாட்டில் பன்னீர்செல்வம் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றியபோது, அந்த வெளுத்த கோடு நிலவனின் கை எட்டுகிற இடத்தில் மூன்று முறை கடந்துபோனது. நிலவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் மலர்விழி திரும்பி வந்தாள். துக்கம் விசாரித்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

“இப்ப மாலை இல்ல தம்பி.”

“தெரியும் அண்ணி.”

“இன்னும் ஒரு வருஷத்துக்குப் போடவும் முடியாது.”

“தெரியும்.”

“அப்பறம் இன்னா?”

இப்போது அவனைத் தடுக்க ஒரு சாமியும் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இதற்குள் கனகத்தின் நாக்கு சும்மா இருக்குமா? முதல் வாரம் நிலவனைப் புகழ்ந்தாள். இரண்டாம் வாரம் புகழ் சலித்துப்போய்க் கொஞ்சம் உப்பு சேர்த்தாள். ‘நான் பின்சந்து வழியா காய் வாங்கப் போவசொல்ல அந்தம்மா கம்பியப் புடிச்சிக்கினு நின்னுச்சி. இன்னாவோ நிலவங்கிட்டப் பேசிக்கினு இருக்குதுன்னு நெனச்சன். காய் வாங்கி, பேரம் பேசி, வூட்டுக்கு வந்து பீன்ஸு நறுக்கற வரிக்கும் ஒரு ஆளயும் காணம். அதுக்கப்பறந்தான் அந்தப் புள்ள கத்திக்கினு ஓடியாறான். இன்னாடி அது?’ குழாயடியில் ஆரம்பித்தது மார்க்கெட் வரை போய், பாவாடையின் பால் கேனில் ஏறித் திரும்பி வந்தது.

பதினேழாம் நாள் காலை, மொட்டைத் தலையோடு பன்னீர்செல்வம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். நிலவன் படியில் உட்கார்ந்திருந்தான். மலர்விழி ஜன்னல் அருகில் நின்றாள்.

“ஸ்டேஷனுக்குப் போறன் நிலவா. சிலம்ப இடிச்சது நான்தான்னு எழுதிக் குடுக்கப் போறன். அம்மா இருக்கற வரிக்கும் சொல்ற தைரியம் இல்ல. மாலைக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருந்தன்.”

நிலவன் நிமிரவில்லை.

“போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். எங்கம்மா ஒன்ன எத்தன மணிக்குக் கூப்புட்டுச்சி?”

பொய் சொல்லியிருக்கலாம். பிளாக்கே அவன் பக்கம்தான் இருந்தது.

“பன்னண்டுக்குக் காமணி இருக்கசொல்ல.”

“ஆட்டோ பன்னண்டு இருவதுக்குத்தான் ஏறுச்சின்னு கனகம் அக்கா சொல்லுது.”

“ஆமா.”

“நான் ரெண்டு நிமிஷம் நின்னன், ஒங்க அண்ணங்கிட்ட.” பன்னீர்செல்வத்தின் குரல் உயரவேயில்லை. நாலு மாசம் சரணம் சொல்லிப் பழகிய குரல். “ரெண்டே நிமிஷம். ராத்திரியெல்லாம் அதுதான் வரும். நீ இன்னா பண்ணிக்கினு இருந்த, முப்பத்தஞ்சி நிமிஷம்?”

“சட்டை போட்டுக்கினு இருந்தன்.”

பன்னீர்செல்வம் தலையை ஆட்டினான். புரிந்தவன் ஆட்டுகிற மாதிரிதான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் வரை போனவன் திரும்பினான்.

“ஜாமீன் குடுத்துருவாங்களாம். வக்கீல் சொன்னாரு. வந்ததும் பேசுவோம்.”

மலர்விழி அன்று மத்தியானமே துணிமணிகளை மூட்டை கட்டினாள். ஐந்து மாசமாக அவள் கேட்ட நியாயம் ஸ்டேஷனுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. அவள் முகத்தில் அதன் நிம்மதி இல்லை.

“அந்தம்மா பதினாறு நாளும் எனக்கு ரசம் ஊத்துச்சி” என்றாள். “அவன வெட்டச் சொன்னன். ஆமா, நான்தான் சொன்னன். இத நான் சொல்லல.” அதற்குமேல் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை. திருவதிகைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நிலவன் எங்கும் போகவில்லை. ஷிப்டுக்குப் போனான், வந்தான், தானே பொங்கித் தின்றான். தீட்டி வைத்திருந்த ரப்பர்க் கத்தியை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டான். கேஸ் பேப்பரில் வந்தது. பன்னீர்செல்வத்துக்கு எத்தனை வருஷம் கிடைக்கும் என்று பிளாக் விவாதித்தது. நிலவன் செய்ததை எழுதிக்கொள்ள எந்த ஸ்டேஷனிலும் ஒரு படிவம் கிடையாது.

ஸ்டேஷனுக்குப் போன பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பன்னீர்செல்வம் ஜாமீனில் வந்து இறங்கினான். கனகம் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, தண்ணீர் வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள். அவன் தன் வீட்டுக்குள் போகவில்லை. பையை வேலியோரம் இறக்கி வைத்தான். பக்கத்து கேட்டின் கொக்கியைத் தூக்கினான்.

நிலவன் உள்ளிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டான். பனியனோடுதான் இருந்தான். கொடியில் கிடந்த சட்டையை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதை எடுக்காமலே போய்க் கதவைத் திறந்தான்.